ஊர்லேருந்து செடி கொண்டு வர்றீங்களா? ரெண்டு பேப்பரும் கைக்கு வராம பிளேன் ஏறாதீங்க

இந்தியாவுலேருந்து சிங்கப்பூருக்கு நடுறதுக்குன்னு செடி, கன்னு, குச்சி எது கொண்டு வந்தாலும் ரெண்டு பேப்பர் வேணும். ஒன்னு இங்க என்பார்க்ஸ், அதாவது தேசியப் பூங்காக் கழகம் குடுக்குற இம்போர்ட் பெர்மிட், இன்னொன்னு அங்க தாவர குவாரண்டீன் அதிகாரி செடியில நோய், பூச்சி இல்லைன்னு குடுக்குற ஃபைட்டோசானிட்டரி சர்டிபிகேட். ரூல் இவ்வளவுதான், ஆனா இதைச் சாதாரண ஜனங்களுக்குப் புரியுற மாதிரி யாரும் சொல்றதில்ல, வயசானவங்க ஆசையா பொத்திப் பொத்திக் கொண்டு வந்த மல்லிக்கன்னு ஏர்போர்ட்லயே போயிடுது, பாக்க வயித்தெரிச்சலா இருக்கு.

பெரும்பாலும் ஏமாறுறது நர்சரியிலதான். "நாங்களே சர்டிபிகேட் தர்றோம்மா"ன்னு லெட்டர்பேட்ல சீல் குத்திக் குடுப்பாங்க, அதுக்குக் காசும் வாங்குவாங்க. அது இங்க செல்லாது. செடியை அதிகாரி பாத்து, கிளம்புறதுக்கு முன்னாடியே தர்றதுதான் சர்டிபிகேட், இறங்கின பிறகு எங்க அலைஞ்சாலும் கிடைக்காது. அதனால முதல்ல இங்க பெர்மிட் எடுங்க, அதுல என்ன கண்டிஷன் போட்டிருக்காங்கன்னு பாத்துட்டு அப்புறம் அங்க போங்க. மாத்திப் போனா திரும்ப அலையணும்.

அடுத்த குழப்பம் எந்த ஆபீஸ்னு. 2019 மார்ச் வரைக்கும் ரெண்டுக்கும் ஏவிஏங்கிற வேளாண் உணவு, கால்நடை ஆணையம்னு ஒரே இடம். இப்ப நடுற செடின்னா என்பார்க்ஸ், சாப்பிடுற காய்கறி பழம்னா எஸ்எஃப்ஏங்கிற சிங்கப்பூர் உணவு அமைப்பு. தப்பான இடத்துல கேட்டா அங்க கேளுங்க இங்க கேளுங்கன்னே நாள் ஓடிடும். பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்லேருந்து சொந்தத்துக்கு ஒன்னு ரெண்டு செடி கொண்டு வர்றவங்களுக்குச் சலுகை இருக்கு, அதை நம்பி திருச்சி ஃபிளைட்லயும் அப்படியே வரலாம்னு நினைக்காதீங்க. பேப்பர் சரியா இருந்தாலும் ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல ரெட் சேனல்ல போய்ச் சொல்லிடுங்க.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னு கேக்கலாம். ஆபீஸ் அலைக்கழிப்பு மேல எனக்குக் கோவம் உண்டு, ஆனா ரூல் மேல இல்ல. பெகோமோவைரஸ்னு செடிக்கு நோய் தர்ற வைரஸ் ஒரு பெரிய கூட்டமே இருக்கு, வெண்டையில மஞ்சள் நரம்பு தேமல், மிளகாயில தக்காளியில இலைச்சுருள், மரவள்ளியில தேமல் எல்லாம் அதோட வேலை. பரப்புறது வெள்ளை ஈ. நோய் ஏறின கன்னு சில நாள் பாக்க நல்லாத்தான் இருக்கும், இலைக்கு அடியில ஈயோட குஞ்சு ஒட்டியிருக்கும், அது கண்ணுக்கே சரியாத் தெரியாது. இங்க பார்க்ல வாடகைக்கு விடுற அலாட்மென்ட் தோட்டத்துல ஒருத்தருக்கு இரண்டரை மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்தி, பக்கத்துலயே அடுத்தவர் பாத்தி, ஒருத்தர் வெண்டையில வந்தா ஈ எல்லார் பாத்திக்கும் போகும். பாத்திக்கு நடக்குற பேலட்ல (குலுக்கல்ல) பேரு வந்து ஆசையா நட்டவங்க பாத்தி அப்படிப் போனா யாரு பொறுப்பு?

இந்த நோய் வந்துட்டா மருந்து கிடையாது. நரம்பு மட்டும் மஞ்சளாகி வலை மாதிரி தெரிஞ்சாலோ, நுனி இலை சுருண்டு செடி வளராம நின்னாலோ யோசிக்காம பிடுங்கி, பையில இறுக்கிக் கட்டிப் போடுங்க, அப்படியே ஓரமா வச்சா ஈ பறந்து அடுத்த செடிக்குப் போயிடும். மஞ்சள் ஒட்டு அட்டை தொங்கவிட்டா ஈ இருக்கா இல்லையான்னு தெரியும்.

கருவேப்பிலை, முருங்கை, மல்லி எல்லாம் இங்க நர்சரியிலயே கிடைக்குது, முடிஞ்சா அதையே வாங்குங்க, வாங்குறப்ப இலையைத் திருப்பிப் பாருங்க. ஊர்ச் செடிதான் வேணும்னா என்பார்க்ஸுக்கு ஈமெயில்ல கேட்டு, வர்ற பதிலை பிரிண்ட் எடுத்து பெர்மிட்டோட வச்சுக்குங்க, போன்ல சொன்னாங்கன்னு கவுண்டர்ல சொன்னா எடுபடாது.