நடுவயதுப் பெண்களை மனஅழுத்தம் ஏன் கூடுதலாக வாட்டுகிறது?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் வாழும், ஐம்பதை நெருங்கும் ஒரு தமிழ்ப் பெண் வேலையிலிருந்து திரும்பியதும் மாமியாருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். ஜோகன்னஸ்பர்க்கில் வேலை தேடும் மகனை நினைத்துக் கவலைப்பட வேண்டும். புரட்டாசி விரதம் வந்துவிட்டால் சமையலையும் தனியாகக் கவனிக்க வேண்டும். இவற்றில் எதுவும் உயிருக்கு ஆபத்தானதன்று. ஆனால் எதுவும் முடிவதுமில்லை. உடலுக்கு அதுவே பெரும் சிக்கல்.

கவலை மூளைக்கு எட்டியதும் அதன் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அருகிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. அதிலிருந்து புறப்படும் ஹார்மோன், சிறுநீரகங்களின் மேலுள்ள அட்ரினல் சுரப்பிகளைக் கார்ட்டிசால் என்னும் அழுத்த ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. பால் பொங்கி வரும்போது தீயைக் குறைப்பதுபோல, கார்ட்டிசால் போதிய அளவை எட்டியதும் மூளை அதை உணர்ந்து சுரப்பைத் தணிக்கும். கண்விழித்த அரை மணி நேரத்தில் உச்சத்தைத் தொடும் கார்ட்டிசால், நள்ளிரவில் மிகக் குறைந்திருப்பதே இயல்பு. அழுத்தம் மாதக்கணக்கில் நீடித்தால் இக்கட்டுப்பாடு தளர்ந்து, இறங்க வேண்டிய அளவு இறங்காமல் போகலாம்.

மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய மாற்றங்களும் இதே வயதில்தான் தொடங்குகின்றன. பெண்மை ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராகக் குறையாமல் ஏறியும் சரிந்தும் ஊசலாடுகிறது. மனநிலையைப் பேணும் செரோட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளுக்கு அது துணைநிற்பதால், சிலருக்குக் காரணம் புலப்படாத எரிச்சலும் அழுகையும் வருகின்றன. உடல்வெப்பத்தைக் கண்காணிக்கும் நரம்பணுக்களும் மிகையாகத் தூண்டப்பட்டு, சிறு வெப்ப மாறுதலுக்கும் முகமும் கழுத்தும் தகித்து வியர்க்கின்றன. விடியற்காலை மூன்று மணிக்கு நனைந்த தலையணையைப் புரட்டிப் போட்டுப் படுப்பவருக்கு மீண்டும் உறக்கம் பிடிப்பது அரிது. தூக்கம் கெட்டால் மறுநாள் மாலையிலும் கார்ட்டிசால் கூடுகிறது.

பராமரிப்பின் சுமை உயிரணுவிலும் தடம் பதிக்கிறது. எலிசபெத் பிளாக்பர்ன், எலிசா எப்பெல் ஆகிய ஆய்வாளர்களின் குழு 2004இல் வெளியிட்ட ஆய்வில் 58 தாய்மார்கள் பங்கேற்றனர். நாட்பட்ட நோயுள்ள குழந்தையைப் பராமரித்தோரிடம், பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட, குரோமோசோம் முனைகளைக் காக்கும் டெலோமியர்கள் குறுகியிருந்தன.

டர்பன் தமிழர்களுக்கு இதில் வரலாற்றுக் காரணமும் உண்டு என்பது என் கருத்து. நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகசின் பாரக்ஸில் இடம் நெருக்கடியானது. ஆயினும் ஒருத்திக்கு முடியாவிட்டால் அடுத்த வீட்டில் அக்காவோ சித்தியோ இருந்தார். 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்க்கப்பட்டபோது அந்தக் கூட்டு வாழ்க்கை சிதறியது, பணிவிடையோ குறையவில்லை.

ஆகவே, பொறுத்துப்போ என்னும் அறிவுரையைவிட, மாமியாரின் ஊசியை வாரத்தில் சில நாள்களாவது மகனோ கணவரோ ஏற்றுக்கொள்வதே உண்மையான உதவி. உடல் தகிப்பு தரும் தொல்லையைத் தணிக்க எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றிக்கொள்ளப் பயிற்றும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை உதவுகிறது. ஹார்மோன் சிகிச்சை தமக்கு ஏற்றதா என்பதை மருத்துவரிடம் கேட்டறியலாம். சோர்வும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வயதுக் கோளாறு என்று தள்ளிவிடாமல், தைராய்டு, இரத்தச்சோகை ஆகியவற்றுக்கான பரிசோதனையோடு மனச்சோர்வு நோய் உண்டா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும்.