கார் நிறுத்தும் தளத்தில் கம்பி எந்த உயரத்தில் இருக்க வேண்டும்?

வீட்டோடு சேர்த்துக் கார் நிறுத்த, மண்மேல் கான்கிரீட் தரைத்தளம் போடக் கொட்டேஷன் வாங்கினால், அதில் 'எஃப்.இ. 500டி, 8 எம்.எம்., 150 சி/சி இரண்டு பக்கமும், டாப் கவர் 40' என்பது போல ஒரு வரி இருக்கும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் அதைப் படிக்காமல் விலைக்குப் போய்விடுகிறார்கள். வேலையைச் சோதித்துப் பார்க்க உங்கள் கையில் இருப்பதே அந்த வரிதான்.

எஃப்.இ. என்பது இரும்பின் குறியீடு. 500 என்பது கம்பியின் வலிமை: சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவிசை வரை நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கும். 'டி' என்றால் சட்டென்று முறியாமல் நீண்டுகொடுக்கும் ரகம். 8 எம்.எம். கம்பி மீட்டருக்கு 395 கிராம். 12 மீட்டர் கம்பி ஒன்று ஏறக்குறைய 4.74 கிலோ நிற்க வேண்டும். 150 சி/சி என்பது ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை 150 மி.மீ., கிட்டத்தட்ட அரை அடி; இரண்டு பக்கமும் என்றால் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும். ஒவ்வொன்றாக அளக்க வேண்டாம். பத்து இடைவெளி சேர்ந்து ஒன்றரை மீட்டர் வருகிறதா என்று பாருங்கள். லேப் 50டி என்று போட்டிருந்தால் (இந்த 'டி' விட்டத்தைக் குறிக்கும்), இரண்டு கம்பிகள் சேருமிடத்தில் விட்டத்தைப் போல 50 மடங்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற வேண்டும். 8 எம்.எம். கம்பிக்கு அது 400 மி.மீ.

இவை எல்லாம் சரியாக இருந்தும் தளம் வெடிப்பதுண்டு. நான் பார்த்தவரை காரணம் பெரும்பாலும் கவர்தான். கவர் என்பது கம்பிக்கும் தளத்தின் பரப்புக்கும் நடுவே இருக்கும் கான்கிரீட்டின் கனம்; டாப் கவர் 40 என்றால் கம்பிக்கு மேலே 40 மி.மீ.

நம் கம்பி கட்டுபவர்கள் மாடித் தளத்தில் கைதேர்ந்தவர்கள். அங்கே இழுவிசை நடுப்பகுதியில் அடிப்பக்கம் வரும்; அதனால் 20 மி.மீ. கவர் பிளாக் (கம்பிக்கு அடியில் வைக்கும் சிறு கட்டை) வைத்துக் கம்பியைக் கீழே கட்டுவது சரி. அதே பழக்கத்தில் தரைத்தளத்திலும் கட்டிவிடுகிறார்கள். தரைத்தளத்தில் கார் எடையைக் கடைசியில் ஏந்துவது அடியில் இறுக்கிய மண். கம்பியின் வேலை வேறு. கான்கிரீட் காய்ந்து சுருங்கும்போது மேல்பரப்பு முதலில் காய்கிறது, வெடிப்பும் அங்கிருந்தே இறங்குகிறது. அந்த வெடிப்பு அகலாமல் இறுக்கிப் பிடிக்க, கம்பி தளத்தின் மேல் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி இருக்க வேண்டும். 125 மி.மீ. கனத் தளத்தில் மேலே 40, இரண்டு அடுக்குக் கம்பிக்கு 16 கழித்தால், கீழே ஏறக்குறைய 70 மி.மீ. உயரத்துக்குக் கம்பியைத் தூக்கி நிறுத்த வேண்டும்.

"கான்கிரீட் போடும்போது கொக்கி போட்டுத் தூக்கிவிட்டுக்கலாம் சார்" என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். தூக்கிய கம்பியை அடுத்த நிமிடமே ஒருவர் கால் மிதித்து இறக்கிவிடும். செங்கல் துண்டு வைப்பதும் வேண்டாம். அது ஈரத்தை உறிஞ்சும். கான்கிரீட் கவர் பிளாக்கோ கம்பியில் வளைத்த சேரோ (நாற்காலி போன்ற தாங்கி) இரண்டடிக்கு ஒன்றாக நெருக்கமாக நிற்கட்டும்.

கம்பி போட்டாலும் ஜாயின்ட், அதாவது வெடிப்பு கண்டபடி ஓடாமல் அந்தக் கோட்டிலேயே விழ மேல்பரப்பில் அறுக்கும் பள்ளம், வெட்டியே ஆக வேண்டும். இந்தக் கனத்துக்கு 3 மீட்டருக்கு ஒரு கோடு, கனத்தில் கால் பங்கு ஆழம், மறுநாளைக்குள்.

ரெடிமிக்ஸ் வண்டி வருமுன், தளத்தைச் சுற்றி அடித்த பலகையின் மேல்விளிம்பில், ஒரு பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கத்துக்கு நூலை இறுக்கிக் கட்டுங்கள். நூலிலிருந்து மேல் கம்பி வரை டேப்பை இறக்கி நாலைந்து இடத்தில் அளந்து பாருங்கள். 40 வர வேண்டும். 70, 80 என்று காட்டினால், பிளாக்கை மாற்றும்வரை வண்டியை வரச் சொல்லாதீர்கள்.