பெனால்டி அடிக்குமுன் எங்கே பார்த்தான்?

குமரி மாவட்டத்தில் தூத்தூர் பக்கம் கடற்கரையில் சாயங்காலக் கால்பந்து ஆட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெனால்டி அடிக்க வரும் பையன்களில் ஒருவன் கோலியை நேராகப் பார்ப்பான், மூச்சு விடுவான், அப்புறம்தான் ஓடிவருவான். இன்னொருவன் பந்தை மணலில் வைத்ததும் முதுகைக் காட்டி நிற்பான். விசில் ஊதின மறுநொடி அடித்துவிடுவான். எப்படியாவது முடிந்தால் போதும் அவனுக்கு.

இதைப் பெரிய போட்டிகளின் வீடியோக்களை வைத்துக் கணக்கெடுத்த ஆய்வாளர்கள் கெயிர் யோர்டெட்டும் எஸ்தர் ஹார்ட்மனும் (2008). அடித்தால் உடனே வெற்றி என்றிருக்கும்போது பத்துக்கு ஒன்பது கோலாகிறது. தவறினால் உடனே தோல்வி என்றால் பத்துக்கு ஆறுதான் தேறுகிறது. கோலியைப் பார்க்காமல் திரும்புவதும் அவசரப்படுவதும் இந்த இரண்டாவது நிலையில்தான் அதிகம்.

ஒன்றை அடைய ஓடுவது நெருங்கும் உந்துதல். ஒன்றுக்குப் பயந்து ஓடுவது விலகும் உந்துதல். இரண்டும் ஓட்டம்தான் என்பதால் வெளியே நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது. பத்தாம் வகுப்புப் பையன் விடிய நாலு மணிக்கு எழுந்து கணக்குப் போடுகிறான் என்றால் கணக்குப் பிடித்திருக்கலாம். "நம்ம மானத்த வாங்கிராத மக்ளே" என்று அம்மா சொன்னதாலும் இருக்கலாம். மார்க்கைப் பார்த்து இதைச் சொல்லிவிட முடியாது.

பிறகு எப்படி அளப்பது? 1940-களில் ஜட்சன் பிரவுன் என்ற உளவியலாளர் எலிகளுக்குச் சேணம் மாட்டி, கயிற்றை எவ்வளவு பலமாக இழுக்கின்றன என்று அளந்தார். கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களுக்கு இந்த யோசனை உடனே பிடிபடும். சில எலிகளுக்குப் பாதையின் முடிவில் தீனி கிடைத்திருந்தது, சிலவற்றுக்கு ஷாக். தூரத்தில் நிறுத்தினால் ஷாக் வாங்கிய எலி இழுக்கவே இல்லை என்று சொல்லலாம். பக்கத்தில் நிறுத்தினாலோ, தீனிக்காக இழுத்ததைவிடப் பலமாக எதிர்ப்பக்கம் இழுத்தது. பயம் கிட்டே போகப்போகச் செங்குத்தாக ஏறுகிறது. மாதத் தேர்வில் சாதாரணமாக இருந்த பிள்ளைக்குப் பொதுத்தேர்வன்று காலையில் வயிறு கலக்குவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றும்.

மனிதருக்குச் சேணம் போட முடியாதே, அதனால் கேள்வித்தாள். ஆண்ட்ரூ எலியட்டும் ஹாலி மெக்ரெகரும் 2001-ல் படிப்புக்காக உண்டாக்கியதில் 12 வாக்கியங்கள். ஒவ்வொன்றும் தனக்கு எவ்வளவு பொருந்தும் என்று 1 முதல் 7 வரை குறிக்கவேண்டும். மூன்று மூன்றாக நாலு வகை: நன்றாகக் கற்கவேண்டும்; கற்க வேண்டியது விட்டுப்போகக் கூடாது; மற்றவரை முந்தவேண்டும்; மற்றவரைவிட மோசமாகிவிடக் கூடாது. 2003-ல் டேவிட் கான்ராயும் எலியட்டும் இன்னொருவரும் இதை விளையாட்டுக்கு மாற்றினார்கள்.

இதில் இரண்டாவது வகை பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் ஒட்டாமல் நிற்கும். ஆடுகளத்தில் அதற்கு உயிர் உண்டு. முப்பத்தைந்து வயதில் பழைய வேகம் போய்விடுமோ என்று பயந்து தினமும் ஓடுகிறவரைக் கேட்டால் சொல்வார்.

கோச் பக்கத்தில் நிற்கும்போது இந்தத் தாளைக் கொடுக்கவே கூடாது. அவருக்குப் பிடித்த பதில்தான் வரும். நான் அக்கா மகனைத் தனியாக உட்காரவைத்துக் கேட்டேன். 'முந்தவேண்டும்' என்பதற்கு 7 போட்டான். 'மோசமாகிவிடக் கூடாது' என்பதற்கும் 7.

"ரெண்டும் எப்படிடே ஏழு?" என்றேன்.

"ரெண்டும் உண்டுல்லா மாமா."

அவன் சொன்னது சரி. அவை ஒரே அளவுகோலின் இரு முனைகள் அல்ல. ஒன்று கூடினால் மற்றது குறையவேண்டும் என்பதில்லை. அதனால்தான் நாலு வகைக்கும் தனித்தனியாகக் கூட்டுகிறார்கள்.