அணைந்த எரிமலையா பொதிகை?

பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து அகத்தியர் அருவியை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் அக்காள் மகன் பொதிகை மலையை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, இது அணைஞ்சுபோன எரிமலையா?" என்று கேட்டான். ஜப்பானின் ஃபுஜி மலையைப் படத்தில் பார்த்திருந்தான். 1868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலைச் சிகரமும் தொலைவிலிருந்து கூம்பாகத் தெரிவதால், அவனுக்கு அந்த ஐயம் எழுந்தது இயல்பே. அரை நாள் நடையில் அவனுக்குச் சொன்னவற்றையும், வீடு திரும்பிய பிறகு நினைவுக்கு வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

களத்தில் நெல்லைத் தூற்றும்போது பொலி தானாகவே கூம்பாகக் குவிவதைப் பார்த்திருப்போம். ஃபுஜி போன்ற எரிமலை உருவாவதும் ஏறக்குறைய அப்படித்தான். நிலத்தின் அடியிலிருந்து வரும் குழம்பும் சாம்பலும் கல் துண்டுகளும் வாயைச் சுற்றி விழுந்து, அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து மலையாகின்றன. கடைசியாக 1707-இல் வெடித்த ஃபுஜி, இன்று 3776 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. பொதிகை அவ்வாறு குவிந்த மலையன்று. அதற்கான சான்று எங்கள் காலடியிலேயே கிடந்தது.

ஓடையோரத்தில் உடைந்து கிடந்த ஒரு கல்லை எடுத்து, தண்ணீரில் நனைத்து, வெயிலில் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். கருமையும் வெண்மையும் வரிவரியாக ஓடிய அக்கல்லில் மணிகள் தனித்தனியே கண்ணுக்குத் தெரிந்தன. சில அரிசியளவு இருந்தன. இடையிடையே கடுகளவில் சிவப்புப் புள்ளிகள் மின்னின. அவை கார்னெட் என்னும் கனிமத்தின் மணிகள். எரிமலைக் குழம்பு வெளிக்காற்றில் விரைந்து குளிர்வதால் அதில் மணிகள் பெரிதாக வளர நேரம் இராது. குழம்பிலிருந்து வாயு வெளியேறிய இடங்களில் சிறு துளைகளும் மிஞ்சும். எங்கள் கையிலிருந்த கல்லில் ஒரு துளைகூட இல்லை.

பொதிகையின் பாறைகளில் பெரும்பகுதி நைஸ், சார்னகைட், கொண்டலைட் ஆகிய வகைகளைச் சேர்ந்தது. ஊரில் கருங்கல் என்று சொல்லி அம்மி கொத்துவதும் படிக்கட்டு கட்டுவதும் பெரும்பாலும் இத்தகைய கற்களில்தான். இவற்றுள் சார்னகைட்டின் பெயருக்கு ஒரு கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியான ஜாப் சார்னக் என்பவருக்குக் கொல்கத்தாவில் உள்ள கல்லறையின் கல்லை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட், 1893-இல் சார்னக்கின் பெயரையே அந்தப் பாறை வகைக்குச் சூட்டினார். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றதாகக் கருதப்படுகிறது.

இப்பாறைகள் இன்றைய நிலையை அடைந்தது சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. இடம், நிலத்துக்கு அடியில் 20 கிலோமீட்டருக்கும் கீழே. வெப்பம் 700 டிகிரி செல்சியசுக்கும் மேல். கொண்டலைட்டாக இன்று நாம் காண்பது ஆதியில் நீரடியில் படிந்த களிமண். சூளையில் வைத்த பச்சைச் செங்கல் உருகாமலேயே வேறொரு பொருளாகிவிடுவதைப்போல, அந்தக் களிமண் பெரும்பாலும் திண்ம நிலையிலேயே வெந்து, அழுத்தத்தில் நெருங்கி, புதிய மணிகளைக் கொண்ட பாறையாக மாறியது. சார்னகைட்டில் ஒரு பங்கு முதலில் குழம்பாக இருந்ததும் உண்மைதான். ஆனால் அந்தக் குழம்பு வெளியே வழியவில்லை. ஆழத்திலேயே மெல்ல மெல்ல உறைந்தது.

அவ்வளவு ஆழத்தில் இருந்தது மேலே வந்தது எப்படி என்று பையன் விடவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்கை இறக்க இறக்கத் தோணி நீரிலிருந்து மேலெழுவதை அவன் பார்த்திருக்கிறான். பூமியின் மேலோடும் அடியிலுள்ள அடர்ந்த பகுதியின்மேல் அவ்வாறே மிதந்து நிற்கிறது. மழையும் ஆறுகளும் மேற்பரப்பை அரித்துக் கடலுக்குக் கொண்டுபோகப் போக, பாரம் குறைந்து கீழே இருப்பது எழுகிறது. சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாஸ்கர் பிரிந்து போனபோது இந்தியாவின் மேற்கு விளிம்பு உயர்ந்ததும் இதனுடன் சேர்ந்துகொண்டது. இதே மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி, மகாராஷ்டிரத்தில், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் பரந்து வழிந்த எரிமலைக் குழம்பால் ஆனது. அந்தக் குழம்பு நம் பக்கம் எட்டவில்லை.

மேலேறிய பாறைக்கு இன்னொன்றும் நேர்கிறது. பெரும் பாரத்துக்கு அடியில் இறுகியிருந்தது, பாரம் நீங்கியதும் சற்றே விரிந்து, மேற்பரப்புக்கு இணையாக வெடித்து, வெங்காயத் தோல்போல் ஏடு ஏடாக உரிகிறது. மூலைகள் முதலில் தேய்வதால் வழுக்கைப் பாறைகளும் உருண்ட முகடுகளும் உண்டாகின்றன. தொலைவில் தெரிந்த அந்தக் கூம்பு, இவ்வாறு சுற்றிலும் இருந்தது கரைந்துபோன பின் எஞ்சியது.

அகத்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்குப் படியேறினோம். அங்கே ஆறு பாறையைக் குடைந்திருக்கும் விதத்தை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுப்பதில்லை. ஆட்டுரலில் குழவி சுழல்வதுபோல, நீர்ச்சுழியில் அகப்பட்ட கூழாங்கல் ஓரிடத்திலேயே சுழன்று சுழன்று குழி பறிக்கிறது. வாய் குறுகி உள்ளே அகன்ற குழிகளும் இருப்பதால், மேலே அமைதியாகத் தோன்றும் மடுவும் ஆளை இழுத்துவிடும். 1925-இல் வ. வே. சு. ஐயர், தம் மகளைக் காப்பாற்ற முயன்று உயிர்நீத்தது பாபநாசம் அருவியில்தான். கம்பி வேலியைத் தாண்டி இறங்குகிறவர்களைக் காணும்போதெல்லாம் மனம் பதைக்கிறது.

இந்த அருவியும் ஓடைகளும் இருப்பதற்கே பாறைதான் காரணம். ஃபுஜியின் வடமேற்கு அடிவாரத்தில் 864-இல் வழிந்த குழம்பின்மேல் அவோகிகஹாரா என்னும் அடர்ந்த காடு வளர்ந்திருக்கிறது. அங்கே குழம்புப் பாறை துளைகளும் வெடிப்புகளும் நிறைந்தது. பெய்த மழை நின்று ஓடாமல் உள்ளே இறங்கிவிடும். அந்த மலையின் சரிவுகளில் ஓடைகள் மிகக் குறைவு. இறங்கிய நீர், அடியிலுள்ள நீர்புகாத அடுக்கைத் தொட்டதும் அடிவாரத்தில் ஊற்றாகப் பீறிடுகிறது. ஷிராய்த்தோ அருவியில் அது பாறைச் சுவரின் நடுவிலிருந்தே வெண்ணூலிழைகளாக வடிகிறது. பொதிகையின் கருங்கல்லிலோ துளை கிடையாது. வெடிப்புகளின் வழியே புகுவதைத் தவிர நீருக்கு உள்ளே போக வழியில்லை. ஆகவே கோடையிலும் வற்றாமல் தாமிரபரணி ஓடுவதற்கு, பாறைக்கு மேலிருக்கும் மண்ணும் உதிர்ந்த கல்லும் கொண்ட போர்வை நீரைப் பிடித்துவைத்தாக வேண்டும்.

மரம் மழைநீரை உற்பத்தி செய்வதுபோலப் பலர் பேசுகிறார்கள். மரமும் நீரைக் குடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் வேர் மண்ணைத் தளர்த்தி வழி திறக்கிறது. சருகு, துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கிறது. பாதையோரத்தில் ஒரு வேங்கை மரத்தடியில் சருகை விலக்கிக் காட்டினேன். சில நாள்களுக்கு முன் பெய்த சாரலின் ஈரம் உள்ளே இருந்தது. நான்கடி தள்ளி, மிதிபட்டு இறுகிய பாதை வெடித்துக் கிடந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் கொட்டிவிட்டு முகட்டைத் தாண்டிச் சாரலாகத் தருவதையும், வடகிழக்குப் பருவமழை இந்தச் சரிவில் நேரே பொழிவதையும் மாதக்கணக்கில் சிறிது சிறிதாக ஆற்றுக்கு விடுவது, இந்தப் போர்வைதான். எரிமலைச் சாம்பல் மண் ஒருமுறை அரிக்கப்பட்டாலும் அடுத்த வெடிப்பில் புதுச் சாம்பல் விழக்கூடும். இங்கே கருங்கல் மண்ணாவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். 1988-இல் களக்காடு முண்டந்துறை, தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமானதை நான் புலிக்காக மட்டும் மதிப்பதில்லை.

நண்பகலில் பாபநாசம் படித்துறைக்கு வந்து கால் நனைத்தோம். பையன் ஒரு கை மணலை அள்ளி நீரில் அலசினான். எடை குறைந்த வெண்மணல் முன்னே வழிந்தோட, உள்ளங்கையின் பள்ளத்தில் கனமான கரும்பொடியும் சில சிவப்பு மணிகளும் தங்கின. திருநெல்வேலிச் சீமையின் கடற்கரையில் திட்டுத் திட்டாகச் சிவந்து கிடக்கும் கார்னெட் மணலும், இதைப்போல மலையிலிருந்து ஆறுகள் கொண்டு சேர்த்ததுதான் என்றேன். "அப்ப மலை கொஞ்சங் கொஞ்சமா கடலுக்குப் போய்க்கிட்டே இருக்கா மாமா?" என்று கேட்டுவிட்டு, கையைத் தண்ணீருக்குள் மெல்ல விரித்தான். மணிகள் ஒவ்வொன்றாக நழுவி ஓட்டத்தோடு போயின.