ரத்தமா, மாதுளைச் சாறா?

நியூயார்க்கின் க்ளாய்ஸ்டர்ஸ் அருங்காட்சியகத்தில், ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டையைக் காட்டும் ஏழு சித்திரத் திரைகள் தொங்குகின்றன. 1495-1505 வாக்கில் இன்றைய பெல்ஜியப் பகுதியில் கம்பளி, பட்டு, வெள்ளி இழை, பொன்முலாம் பூசிய இழை கொண்டு நெய்தவை.

ஒரு திரையில் (உயரம் 368 செ.மீ.) குதிரை மட்டும் தனியே, வட்ட வேலிக்குள், மரத்தோடு சங்கிலியில் கட்டுண்டு படுத்திருக்கிறது. வெள்ளை உடம்பில் சிவப்புச் சொட்டுகள். மற்ற திரைகளில் ஈட்டி பாய்வதைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ரத்தம் என்றே நினைப்பார்கள். ஆனால் உடம்பில் காயமே இல்லை. மேலே பார்த்தால் மரத்தில் மாதுளைகள் வெடித்து நிற்கின்றன. வடிவது அவற்றின் சாறு. மாதுளை பிள்ளைப்பேற்றின் குறி. வேலியோ ஒரே தாவலில் தாண்டிவிடக்கூடியது. ஆக, இது காதலில் தானாகவே அகப்பட்ட மாப்பிள்ளை. வலது கீழ் மூலையில் ஊதாப்பூக்களுக்குள் ஒரு தவளை ஒளிந்திருக்கிறது. இணைசேரும்போது போடும் சத்தத்துக்குப் பேர்போன பிராணி அது. நெசவாளி சும்மா வைக்கவில்லை.

மற்ற திரைகளில் நடப்பது பெரும்பாலும் பிரபுக்களின் மான் வேட்டை. மோப்பம் பிடிப்பது, ஓடையில் இறங்கித் தப்பப் பார்ப்பது, திரும்பி நின்று நாயைக் குத்திக் கிழிப்பது என்று வரிசை மாறாமல் வருகிறது. இவற்றில் ஒரு திரையில் கொம்பூதும் வேடனின் வாளுறையில் மரியன்னையை வாழ்த்தும் லத்தீன் சொற்கள். அவனை, மரியன்னைக்குச் சேதி சொன்ன கபிரியேல் தூதராகவும், கொல்லப்படும் விலங்கைக் கிறிஸ்துவாகவும் வாசிக்கிறார்கள். மாப்பிள்ளையா, கிறிஸ்துவா என்று சண்டை போடுவது வீண். இரண்டையும் சேர்த்தே வாசிக்கப் பழகியவர்கள் அன்றைய ஆட்கள்.

இத்தனை குறிகளுக்கும் அடிப்படைச் சாயங்கள் மூன்றே: சிவப்புக்கு மேடர் வேர் (நம் மஞ்சிட்டிக்கு உறவு), மஞ்சளுக்கு வெல்ட் செடி, நீலத்துக்கு வோட் இலை (அவுரியில் உள்ள அதே நிறப்பொருள்). படிகாரத்தில் கொதிக்க வைத்த கம்பளிதான் சிவப்பையும் மஞ்சளையும் பிடித்துக்கொள்ளும். பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது. நீலத்தின்மேல் மஞ்சள் ஏற்ற வேண்டும். வெளிச்சம் பட்டால் வெல்ட் மஞ்சள் முதலில் போய்விடும், நீலம் தங்கும். பழைய வேட்டைத் திரைகள் பலவற்றில் காடு நீலமாகத் தெரிவது இதனால்தான். அதற்கு மர்ம அர்த்தம் தேட வேண்டாம். வெளிச்சம் படாத பின்பக்கத்தைப் பார்த்தால் அசல் பச்சை இருக்கும். இரும்பு உப்பு சேர்த்துச் சாயமிட்ட கரும்பழுப்பு இழைகளுக்கு வேறு நோய்: இரும்பே கம்பளியை அரித்து, கோட்டுருவங்கள் உதிர்ந்துபோகும்.

கிடைத் தறியில் இன்னொரு சிக்கல். மாதிரி ஓவியம் பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகளுக்கு) அடியில் இருக்கும், நெசவாளி பின்பக்கத்திலிருந்து நெய்வார். படம் இடம் வலமாக மாறிவிடும். ஓவியர் முன்கூட்டியே திருப்பி வரைய மறந்தால், வேடர்கள் எல்லோரும் இடக்கையில் வாள் பிடிப்பார்கள். இடக்கை வாளைக் கண்டதும் தீமையின் குறி என்று எழுதுமுன் தறியை விசாரிப்பது நல்லது.