வயலினின் பெட்டியை எடுத்துவிட்டால் சிந்தசைசர்

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. மேற்கத்தியச் செவ்விசையின் நால்வர் குழு மைக் இல்லாமலே ஓர் அரங்கை நிரப்பிவிடும். அப்புறம் அதற்கு எதற்கு மின்சாரம்? ஆனாலும் அமெரிக்க இசையமைப்பாளர் ஜார்ஜ் கிரம்ப் 1970-இல் 'பிளாக் ஏஞ்சல்ஸ்' படைப்பை மின் நால்வர் குழுவுக்கென்றே எழுதினார். அதை வானொலியில் கேட்ட வயலின் கலைஞர் டேவிட் ஹாரிங்டன் 1973-இல் குரோனோஸ் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கினார். மின்னிசையும் வில்லிசையும் இவ்வளவு எளிதில் ஒட்டிக்கொள்ள, தந்தியிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

வில்லில் தடவிய ரோசின் என்ற பிசின் தந்தியைப் பற்றி இழுக்கும். ஓர் அளவுக்கு மேல் போனால் தந்தி நழுவித் திரும்பும். வில் மறுபடி பற்றும். வயலினின் ஏ தந்தியில் இது நொடிக்கு 440 முறை நடக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரு கூரிய மடிப்பு தந்தியின் முழு நீளத்துக்கும் ஓடித் திரும்புகிறது. 19-ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டு விளக்கியவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ். அப்போது பிரிட்ஜின் மேல், அதாவது தந்திகளைத் தாங்கும் மரத்துண்டின் மேல், விழும் விசையை வரைந்து பார்த்தால் சீராக ஏறிச் சட்டென விழும் ரம்பப்பல் வடிவம் வரும். மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் சிந்தசைசரில் 'சாடூத்' (ரம்பப்பல்) பொத்தானை அழுத்தினால் வருவதும் இதே வடிவ அலைதான்.

வயலினை வயலினாக ஆக்குவது மரப்பெட்டி. சில அதிர்வெண்களை அது தூக்கிக் கொடுக்கும், சிலவற்றை அமுக்கிவிடும். விரலை அசைத்து வாசிக்கும்போது ஒவ்வொரு மேற்சுரமும் (அடிச்சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர் அதிர்வெண்) அந்த மேடுபள்ளங்களில் ஏறி இறங்குவதால்தான் நாதம் மினுங்குகிறது.

மின் வயலினில் பிரிட்ஜில் பொருத்தும் பீசோ பிக்கப் என்ற உணரி அழுத்தத்தை மின்னழுத்தமாக மாற்றுகிறது. மைக் போலக் காற்றைக் கேட்காததால், அதில் பெட்டியின் பங்கு குறைவு. ஒலி மெலிந்து, கொஞ்சம் கரகரப்பாக வரும். தனியாகக் கேட்டால் எரிச்சல்தான். ஆனால் வேண்டாத அதிர்வெண்களைக் குறைக்கும் ஃபில்டருக்குச் செதுக்க நிறைய மேற்சுரம் கிடைக்கிறது. பெட்டி வேண்டுமென்றால் ஒரு நல்ல வயலினின் பிரிட்ஜைத் தட்டிப் பதிந்த எதிரொலிப்பைக் கணினியில் கணக்கிட்டு பிக்கப் ஒலியின் மேலே ஏற்றிக்கொள்ளலாம்.

சுரத்தைவிடத் தொல்லை தருவது நேரம். ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரிகள் எடுக்கும் கணினி 256 மாதிரிகள் சேர்ந்ததும் வேலையைத் தொடங்கினால், உள்ளே வரவே 5 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது. வெளியே போகவும் அவ்வளவு. அந்தப் 10 மில்லிநொடியில் ஒலி காற்றில் சுமார் மூன்றரை மீட்டர் போய்விடும். அதாவது, கணினி நால்வரோடு நெருங்கி உட்காராமல் சற்றுத் தள்ளி இருந்து வாசிக்கிறது.

இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1988-இல் நால்வர் குழுவுக்கும் ஒலிப்பதிவுக்கும் எழுதிய 'டிஃபரண்ட் டிரெயின்ஸ்' போல, பேச்சும் ரயில் ஒலியும் முன்பே பதிவாகியிருந்தால் இந்தத் தாமதம் கிடையாது. ஆனால் பதிவு யாருக்காகவும் நிற்காது. செல்லோக்காரர் ஆசைப்பட்டாலும் ஒரு சுரத்தைக் கூடுதலாக நீட்ட வழியில்லை. பதிவைத் துண்டுகளாக வெட்டி, அடுத்த துண்டை வாசிப்பவரே காலடிப் பெடலை அழுத்தித் தொடங்கும்படி வைத்தால் அந்தச் சுதந்திரம் ஓரளவு திரும்பக் கிடைக்கிறது.