நனைந்த பாறைக்கு ஷாக் அடிக்குமா?

தேவகோட்டை வாசகர் ஒருவர் தன் மகனின் கேள்வியை எழுதி அனுப்பியிருக்கிறார். பையனுக்கு, கற்பனைப் பிராணிகளை மோதவிடும் போக்கிமான் வீடியோ விளையாட்டு என்றால் உயிர். அதில் ஓனிக்ஸ் என்ற பாறைப் பாம்பின் மேல் பிக்காச்சு என்ற மின்சார எலி எத்தனை முறை மின்னலைப் பாய்ச்சினாலும் ஓனிக்ஸின் உயிர்ப்புள்ளி ஒன்றுகூடக் குறைவதில்லை. கார்ட்டூனில் மட்டும் அதே பிக்காச்சுவின் மின்சாரம் அதே ஓனிக்ஸைத் திணறடிக்கிறது. "கார்ட்டூன்காரர்கள் கள்ள ஆட்டம் ஆடுகிறார்களா?" என்று கேட்கிறான்.

விளையாட்டின் விதி ஒரு வாய்ப்பாடுதான். 1996-இல் ஜப்பானில் முதல் விளையாட்டு வந்தபோது நெருப்பு, நீர், மின்சாரம், நிலம், கல் என்று 15 வகைகள் இருந்தன. எந்த வகை எதைத் தாக்கினால் சேதத்தை எதனால் பெருக்குவது என்று அட்டவணை இருக்கிறது: 2, 1, அரை, 0. ஓனிக்ஸ் கல்லும் நிலமும் சேர்ந்தது. மின்சாரம் கல்லைத் தாக்கினால் 1, நிலத்தைத் தாக்கினால் 0. இரண்டையும் பெருக்கினால் 0. பிக்காச்சு நூறாவது நிலையை எட்டியிருந்தாலும் விடை மாறாது.

மறுவருடம் வந்த கார்ட்டூன் இந்த வாய்ப்பாட்டை ஆரம்பத்திலிருந்தே மதிக்கவில்லை. விளையாட்டில் ஒருவர் மாற்றி ஒருவர் அடிப்பார்கள். கார்ட்டூனில் யார் முந்துகிறாரோ அவர் அடிப்பார். விளையாட்டில் அடி தவறுவது நிகழ்தகவுக் கணக்கு, கார்ட்டூனில் பிக்காச்சுவை வளர்க்கும் சிறுவன் ஆஷ் "விலகு!" என்று கத்தினால் போதும். இதெல்லாம் பார்ப்பவர்களின் வசதிக்கான வளைப்பு, பெரிதாகப் பேச ஒன்றுமில்லை. ஐந்தாம் பகுதியில் நடந்ததுதான் சுவையானது. பிக்காச்சுவின் மின்பொறியில் அரங்கம் தீப்பற்றுகிறது, கூரையிலுள்ள தீயணைப்புக் குழாய்கள் திறந்துகொள்கின்றன, ஓனிக்ஸ் தொப்பலாக நனைகிறது. அப்புறம் மின்சாரம் வேலை செய்கிறது. நான் இதைக் கள்ள ஆட்டமாகப் பார்க்கவில்லை. அட்டவணையில் ஏன் 0 போட்டார்கள், அந்த 0 எப்போது செல்லாது என்று கதைக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள். இயற்பியலில் கேட்கவேண்டிய கேள்வியும் அதுதான்.

காய்ந்த கல் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால்தான் 0 என்று சொல்லிவிடலாம். ஆனால் காற்றும்தான் கடத்தாது. ஒரு மீட்டர் காற்றை உடைத்துக்கொண்டு பாய ஏறக்குறைய 30 லட்சம் வோல்ட் வேண்டும். பிக்காச்சுவின் மின்னல் அதைத் தாண்டித்தான் ஓனிக்ஸை எட்டுகிறது. அவ்வளவு தூரம் வந்தது கல்லைப் பார்த்துப் பயந்து நின்றுவிடாது. கல்லின் மேற்பரப்பில் வழுக்கிக்கொண்டு தரைக்கு இறங்கிவிடும், உள்ளே நுழையாது. 0-வுக்கு எனக்குத் தோன்றும் நியாயமான விளக்கம் இதுதான். அப்படியானால் தண்ணீர் எதை மாற்றுகிறது?

கல் என்றால் முழுக்கக் கெட்டி என்று நினைக்கிறோம். பெரும்பாலான கற்களுக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் இருக்கின்றன. துளை காய்ந்திருக்கும்வரை கல் மின்காப்பான். தண்ணீர் புகுந்ததும் கதை மாறுகிறது, அதுவும் தண்ணீரால் மட்டும் அல்ல. மிகத் தூய நீர் மின்சாரத்தை மோசமாகக் கடத்தும். கடல்நீர் அதைவிடக் கிட்டத்தட்ட பத்து லட்சம் மடங்கு நன்றாகக் கடத்தும். வித்தியாசம் உப்பில் இருக்கிறது. கரைந்த உப்பு நேர்மின் அயனி, எதிர்மின் அயனி என்று பிரிகிறது. மின்னழுத்தம் கொடுத்தால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றொன்று அந்தப் பக்கமுமாக நகர்கின்றன. நனைந்த கல்லில் ஓடும் மின்சாரம் என்பது துளைக்குத் துளை, சந்துக்குச் சந்து இந்த அயனிகள் ஊர்ந்துபோவதுதான். கல் கடத்துவதில்லை, கல்லுக்குள் இருக்கும் உப்புத் தண்ணீர் கடத்துகிறது.

எவ்வளவு கடத்தும் என்பதற்கு 1942-இல் ஆர்ச்சி என்ற எண்ணெய்க் கிணற்றுப் பொறியாளர் ஒரு சூத்திரம் தந்தார். மிக எளிது. துளைகள் இணைந்திருந்து முழுக்க நீர் நிரம்பிய கல்லுக்கு, துளையின் பங்கைத் தோராயமாக வர்க்கப்படுத்தி நீரின் கடத்துதிறனோடு பெருக்கினால் போதும். துளை 1 விழுக்காடு என்றால் நீர் கடத்துவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 30 விழுக்காடு என்றால் பதினொன்றில் ஒரு பங்கு. நம் செட்டிநாட்டு வீட்டிலேயே இரண்டும் இருக்கின்றன: முகப்பில் நிற்கும் கருங்கல் தூண் முதல் ரகம், மதிலில் ஓட்டை ஓட்டையாகத் தெரியும் செம்புராங்கல் இரண்டாவது ரகத்துக்கு அருகில் வரும்.

ஓனிக்ஸ் எந்த ரகம்? விளையாட்டே பதில் வைத்திருக்கிறது. அதன் நீளம் 8.8 மீட்டர், எடை 210 கிலோ. உடம்பின் சராசரி விட்டம் வெறும் 30 செ.மீ. என்றே வைத்துக்கொள்வோம் (படத்தில் இதைவிடப் பருமன்). கன அளவு 0.62 கன மீட்டர். கருங்கல்லாக இருந்தால் 1,600 கிலோ இருக்க வேண்டும். 210 கிலோ என்றால் 87 விழுக்காடு வெற்றிடம்! தண்ணீரில் போட்டால் மிதக்கும். எரிமலைகள் கக்கும் நுரைக்கல்லில்தான் இப்படி இருக்கும். அந்தத் துளைகளெல்லாம் நிரம்பினால், ஆர்ச்சி கணக்குப்படி ஓனிக்ஸ் தண்ணீரின் முக்கால் பங்கு அளவுக்குக் கடத்தும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

இந்த அறிவு கார்ட்டூனோடு நின்றுவிடுவதில்லை. வீட்டு எர்த் குழியில் எலெக்ட்ரீஷியன் உப்பும் கரியும் போடுவதும், கோடையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றச் சொல்வதும் இதற்காகத்தான். மண் காய்ந்தால் அயனி நகராது, எர்த் கம்பி பெயருக்குத்தான் இருக்கும். போர் போடும் இடத்தைப் பார்க்கவும் இதே வித்தை உண்டு. தரையில் நான்கு கம்பிகளை வரிசையாக அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டில் மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். கம்பிகளை அகலப்படுத்த அகலப்படுத்த ஆழம் தெரியும். களிமண்ணும் உப்பும்கூட மின்தடையைக் குறைக்கும் என்பதால் படித்துச் சொல்ல அனுபவம் வேண்டும். ஆனாலும் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பவரை நம்பி லட்சக்கணக்கில் செலவழிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. தேங்காயை நிமிர்த்துவது நிலத்தடி நீர் அல்ல, பிடித்திருக்கும் கைதான்.

அயனியைப் பற்றிக் கேட்க இந்தப் பகுதிக்காரர்கள் தூரம் போகவும் வேண்டாம். காரைக்குடியில் சிக்ரி என்று நாம் கூப்பிடும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1953-இல் திறப்பு விழா நடந்தது. இன்று நாடு ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 0.64 விழுக்காடு. கும்பாபிஷேகத்துக்குத் திரளும் நன்கொடையில் ஒரு சிறு பங்கு பள்ளி ஆய்வகத்துக்கும் வந்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

சரி, கார்ட்டூன் சறுக்கும் இடம் எது? நேரம். சில நொடி தூறலில் கல்லின் மேற்பரப்புதான் நனையும். ஈரமான மேற்பரப்பு மின்சாரத்தை இன்னும் சுலபமாகத் தரைக்கு வழியனுப்பிவிடும், ஓனிக்ஸுக்கு அது லாபம். தண்ணீர் உள்ளே ஊறும்வரை ஆஷ் பொறுத்திருக்க வேண்டும். ஊறிவிட்டால் ஓனிக்ஸ் பாடு ஆபத்துதான், அதுவும் ஷாக்கால் அல்ல. பாயும் மின்சாரம் துளைநீரைக் கொதிக்கவைக்கும். நீராவி நீரைவிடச் சுமார் 1,600 மடங்கு இடம் கேட்கும். இடம் இல்லாவிட்டால் கல் வெடிக்கும். மின்னல் விழுந்த மரத்தில் பட்டை தெறிப்பதற்கும் உள்ளே சாறு கொதிப்பதுதான் காரணம்.

விளையாட்டும் பிறகு ஓர் ஓட்டையைத் திறந்துவிட்டது. 2010-இல் வந்த பதிப்பில் ஸோக் என்று ஒரு தாக்குதல் சேர்ந்தது. எதிராளியைத் தண்ணீரால் நனைத்து, அதன் பழைய வகைகளை அழித்து, வெறும் நீர் வகையாக்கிவிடும். ஓனிக்ஸின் மேல் அதைப் போட்டால் கல்லும் போச்சு, நிலமும் போச்சு. மின்சாரத்தின் பெருக்கம் 0-விலிருந்து நேராக 2-க்குத் தாவும். முதலில் ஸோக் தெரிந்த சைடக் என்ற வாத்தை இறக்கி, அடுத்து பிக்காச்சுவை அனுப்பலாம். ஆனால் எதிராளி விவரமானவராக இருந்து ஓனிக்ஸைத் திரும்ப அழைத்து மறுபடி இறக்கினால், பழைய 0 திரும்பிவிடும்.